இறக்கிவிடப்பட்ட ஓட்டுநர்

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் வரலாற்றை 1984இல், அமெரிக்க ஹாஸ்ப்ரோ கம்பெனியிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன். டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையில், எந்திரத்தை இயக்க உள்ளே ஒரு சின்ன மனுஷன் உட்கார்ந்திருப்பான். பின்னால் வந்த, எந்திர மனிதனாக மாறும் கார்களிலும் அவன் இருந்தான். அவற்றை உரிமம் பெற்று விற்ற ஹாஸ்ப்ரோ அந்த ஆளை இறக்கிவிட்டது. மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி, வண்டிகளுக்கே பெயரும் குணமும் எழுதினார். மனிதன் மறைந்து பண்டம் உயிர்பெறுவதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். இவர்கள் அதையே பெட்டியில் அடைத்து விற்றார்கள்.

ரீகன் ஆட்சியில் குழந்தைகள் தொலைக்காட்சிக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அரைமணிக் கார்ட்டூனே விளம்பரமாயிற்று. 1986 திரைப்படத்தில் தலைவன் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றார்கள். கதைக்குள் இதற்குக் காரணம் தேட வேண்டாம். பழைய சரக்கை இறக்கிப் புதுச் சரக்கை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். எதிர்ப்பு வலுக்க, 1987இல் அவனைத் தொலைக்காட்சியில் உயிர்ப்பித்தார்கள். 1996இல் 'பீஸ்ட் வார்ஸ்' வண்டிகளை மிருகங்களாக்கியது. 2007இல் ஹாலிவுட் பெரும்படமாக்கியது.

அழுத குழந்தைகளை வெறும் நுகர்வோர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி அதைச் சரக்கு மாற்றமாகப் பார்த்தது. குழந்தை சாவாகப் பார்த்தது. அந்த ஒரு தடவை, கம்பெனிதான் இறங்கி வந்தது.