மாதவிடாய்ச் சுழற்சியும் வலிப்பு நோய் மருத்துவமும்: வரலாறும் மதுரை வட்டாரச் சூழலும்

முன்னுரை

தமிழ் வழக்கில் ‘காக்கை வலிப்பு’ எனப்படும் நோய், பெண்கள் சிலருக்கு மாதவிடாயையொட்டி மிகுகின்றது. மருத்துவம் இத்தொடர்பை உணர்ந்த வரலாற்றையும் மதுரை வட்டாரத்தில் அதற்குள்ள பொருத்தப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பிழையான விளக்கமும் பலித்த மருந்தும்

1857ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் நடைபெற்ற மருத்துவச் சங்கக் கூட்டமொன்றில், விக்டோரியா அரசியின் மகப்பேற்று மருத்துவரான சார்லஸ் லோக்காக், மாதவிடாயோடு தொடர்புடைய வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு அளித்துப் பயன் கண்டதைத் தெரிவித்தார். பாலுணர்வைத் தணிப்பதன்வழி அது வலிப்பை அடக்கும் என்பது அக்காலக் கருத்து. கருத்து பிழையெனினும் மருந்து பலித்தது. வலிப்பு நோய்க்கு முதன்முதலில் பரவலாகப் பயன்பட்ட மருந்தாகவும் அது அமைந்தது. 1881இல் வில்லியம் கவர்ஸ், 82 பெண்களுள் 46 பேருக்கு மாதவிடாய்க் காலத்தில் வலிப்பு மிகுந்ததைப் பதிவு செய்தார்.

ஹார்மோன் விளக்கம்

ஈஸ்ட்ரோஜன் நரம்புக் கிளர்ச்சியைக் கூட்டும்; புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் பொருள்கள் அதனைத் தணிக்கும். மாதவிடாய்க்குச் சற்றுமுன் புரோஜெஸ்டிரோன் விரைந்து குறைவதே அந்நாள்களில் வலிப்பு மிகுவதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது. 1997இல் ஹெர்சாக் குழுவினர் இம்மிகுதியை மூவகையாகப் பகுத்தனர். 2012இல் வெளியான அவர்தம் ஆய்வில், புரோஜெஸ்டிரோன் சிகிச்சை பொதுநிலையில் பயன் காட்டவில்லை. மாதவிடாயையொட்டி வலிப்பு மிகப் பெருகும் பெண்களிடம் மட்டுமே பயன் தென்பட்டது. ஆகவே, எந்நாளில் வலிப்பு வந்தது என்னும் குறிப்பே மருத்துவத்தின் அடிப்படையாகின்றது.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. பீனோபார்பிட்டால், பெனிட்டாயின், கார்பமாசெபின் ஆகியவை கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜினின் இரத்த அளவைக் குறைக்கும்.

மதுரை வட்டாரச் சூழல்

மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியை அடுத்த சிற்றூர்கள் சிலவற்றில் மாதவிலக்கான பெண்கள் ‘முட்டுத்துறை’ என்னும் தனி இடத்தில் தங்கும் வழக்கத்தை அண்மைக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. வலிப்பு மிகக்கூடிய நாள்களும் விலக்கு நாள்களும் ஒன்றாக அமையின், தவறாத மருந்தும் உடனிருப்போர் துணையும் அப்போதே மிகுதியும் தேவைப்படும். விலக்கின்பொருட்டு நாள்களை எண்ணும் அவ்வழக்கமே, மருத்துவர் வேண்டும் நாட்குறிப்புக்கும் உதவக்கூடும்.

ஆயினும் நோயை வெளியிடுவதற்குத் திருமணம் தடையாயிற்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பை இந்துத் திருமணத்திற்குரிய தகுதிக்குறைவாக்கியது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது.

முடிவுரை

லோக்காக் காலத்தில் பெண்ணின் ஒழுக்கத்தோடு பிணைக்கப்பட்ட இந்நோய், இன்று ஹார்மோன் அளவுகளால் விளக்கப்படுகின்றது. எனினும், மாதவிடாயையும் வலிப்பையும் ஒருசேர மறைக்க வேண்டிய நிலை நீடிக்கும்வரை அவ்விளக்கம் நோயாளியைச் சென்றடையாது. விலக்கு நாளையும் வலிப்பு நாளையும் ஒரே ஏட்டில் அச்சமின்றிக் குறிக்கும் சூழலே முதல் தேவையாகும்.