வைகை அணையடியும் ஆண்டிபட்டிக் காற்றும்

வைகை அணையடியில் தலா 3 மெகாவாட் திறனுள்ள இரண்டு இயந்திரங்கள். சற்றுத் தள்ளி ஆண்டிபட்டிப் பக்க நிலங்களில் காற்றாலைகள். உச்ச நேரத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட மாநிலத்தில், அளவை மட்டும் பார்த்தால் அணையடியின் 6 மெகாவாட் கண்ணில் படாது. மின்கட்டமைப்புக்கு எது எப்படித் தோள் கொடுக்கிறது என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

முதல் வியப்பு, இரண்டுக்கும் தாய் ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று பெரியாற்று நீர்ப்பிடிப்பில் மழையைக் கொட்டிவிட்டு, கம்பம் கணவாய் வழியே வறண்டு இறங்கி இறக்கைகளைச் சுழற்றுகிறது. காற்று அந்த நொடியே மின்சாரமாகிவிடும். மழையோ முல்லைப் பெரியாற்றில் தேங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஒருமுறை உழைத்துவிட்டு, வைகை அணையில் வந்து காத்திருக்கும்.

காத்திருந்தாலும் கேட்டவுடன் கிடைக்காது. காற்றாலை காற்றுக்குக் கட்டுப்பட்டது போலவே வைகை மின்நிலையம் பாசனத்துக்குக் கட்டுப்பட்டது. மாலையில் தேவை ஏறுகிறது என்பதற்காகக் கூடுதல் தண்ணீர் விட முடியாது. பேரணை–கள்ளந்திரிப் பாசனத்துக்கு எவ்வளவு நீரோ அதற்கேற்ற மின்சாரம்தான். நினைத்தபோது ஓட்டும் வசதி குந்தா போன்ற பெரிய புனல்மின் நிலையங்களுக்கே உரியது.

ஆனால், திறந்த தண்ணீர் இரவு பகலாக ஒரே சீராக ஓடும். நாளைய உற்பத்தியை இன்றே சொல்லிவிடலாம். காற்றின் வேகம் பாதியானாலோ அதன் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இன்னொரு வேற்றுமை ஜெனரேட்டரில் இருக்கிறது. பழைய காற்றாலைகளின் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தரும்போதே, வோல்டேஜைத் தாங்கத் தேவையான ரியாக்டிவ் பவரைக் கட்டமைப்பிலிருந்து இழுக்கின்றன. சிறு புனல்மின் நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது சிங்க்ரனஸ் ஜெனரேட்டர். அது ரியாக்டிவ் பவரைக் கொடுக்கிறது. வரிசையாகப் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கி வோல்டேஜ் சரியும்போது, அருகிலுள்ள இத்தகைய நிலையம் அதைத் தாங்கிப் பிடிக்கும். அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்குக் கீழே நழுவினால், சுழலும் ரோட்டாரின் கனமே அந்தச் சரிவைச் சிறிதளவு தணிக்கும். புதிய காற்றாலைகளின் மின்னணுச் சாதனங்கள் இந்த இடைவெளியைக் குறைத்துவருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே அளவில் காற்றாலையும் சீரில் அணையடியும் முந்துகின்றன. காற்றாலை நடத்துவோர் பருவம் தொடங்குமுன் பராமரிப்பை முடித்துக்கொள்கிறார்கள். மதகு மூடிய மாதங்களில் அணையடி இயந்திரங்களுக்கும் அதே அக்கறை வேண்டும். பாசனத் தண்ணீர் ஓடும் நாளில் அவை பழுதாகி நின்றால், டர்பைனைத் தொடாமல் போன தண்ணீர் திரும்பாது.