மச்சான் பிடித்த கயிறு

எங்கள் ஊரில் மலை கிடையாது. மேகம் இல்லாத நாளில் மேற்கே வல்லநாட்டு மலை கொஞ்சம் தெரியும். அதை விட்டால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரம்தான் எங்களுக்கு மலை. பனியும் கிடையாது. ஆனால் ஊரின் தாயாருக்குப் பெயர் பனிமய மாதா. ரோமாபுரியில் ஆகஸ்டு மாத வெயிலில் ஒரு குன்றின்மேல் பனி பெய்தது என்ற பழைய கதையிலிருந்து வந்த பெயர் அது. சுரூபம் 1555இல் கப்பலேறி வந்தது என்பார்கள். பிறந்ததிலிருந்து பனிக்கட்டியையே பார்த்திராத முத்துக்குளிகாரர்கள் அந்தப் பனிமய மாதாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் தோணி ஏறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலையேறுகிறவர்களைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்குக் கடலுக்குள் இறங்கியவர்கள் ஞாபகம்தான் வருகிறது. அதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருந்த ஒரு மாமா. சொந்த மாமா இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாமா. 1955 முதல் 1961 வரை வருடா வருடம் நடந்த முத்துச் சலாபத்தில் குளித்தவர். 1961தான் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். அதன்பிறகு அவர் சங்கு குளிக்கப் போனார்.

1965 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. இந்தியர்கள் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். 20ஆம் தேதி ஏ.எஸ். சீமாவும் நவாங் கொம்புவும் ஏறினார்கள். மாதம் முடிவதற்குள் மொத்தம் ஒன்பது பேர் ஏறிவிட்டார்கள். அணியின் தலைவர் எம்.எஸ். கோலி ஒரு கடற்படை அதிகாரி. கடல்காரன் மலைக்கு ஆள் கூட்டிப் போயிருக்கிறான் என்பதில் எங்கள் தெருவுக்குத் தனிச் சந்தோஷம். நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். திண்ணையில் வலைப்பை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஏறினவன் பேரைச் சொல்லிட்டாம். கயிறு பிடிச்சது யாருல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரேடியோவில் அதைச் சொல்லவில்லை.

முத்துக்குளித்தலைப் பார்த்திராத பிள்ளைகளுக்காக (இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எனக்கு மூத்தவர்கள், அவர்கள் மன்னிக்கவும்) கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தோணி நடுச்சாமத்தில் கரைக்காற்றில் புறப்பட்டு, விடியும்போது பாரில் நிற்கும். பார் என்றால் கடலுக்கடியில் சிப்பி பற்றி வளரும் பாறைத்தரை. தோளாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்னும் நம் கடற்காரர் வாயில் இருக்கின்றன. குளியாளியின் காலுக்குக் கீழே ஒரு கல். அதன் கயிற்றில் ஒரு வளையம். வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொள்வார். கழுத்தில் வலைப்பை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அரபுக்காரர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போடுவார்கள். நம் ஆட்களுக்கு விரல்தான். அவர் சைகை காட்டியதும் மேலே நிற்பவர் கயிற்றை விடுவார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோய்விடும். அவர் காலை எடுத்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம், அல்லது கொஞ்சம் கூட. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வாரிப் பையில் போட்டுவிட்டு, கயிற்றைச் சுண்ட வேண்டும். சுண்டிய கணத்தில் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அதுதான் முழுத் தொழிலும். இப்படி ஒரு நாளில் எத்தனையோ முறை.

மேலே நிற்கிறவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பி என்றால் சொத்துப் பங்கு இருக்கிறது, கை தளரலாம். மச்சான் கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் அக்காளோ தங்கையோ. 'மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம்' என்ற பழமொழிக்கும் இதே விளக்கம்தான் சொல்கிறார்கள்: மலைத்தேன் எடுக்கிறவனுக்குப் பாறை உச்சியில் கயிறு பிடிப்பவன் மச்சான். மலையும் கடலும் இங்கே ஒரே கயிற்றில் வந்து நிற்கின்றன.

மாமாவுக்குக் கயிறு பிடித்தவரும் மச்சான்தான். ஏழு சலாபத்திலும் அவர்தான். ஒரே ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். வேறு ஆளை நிறுத்தினார்கள். அந்த ஆள் யாருடனோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டு தடவை சுண்டினார், மூன்றாவது தடவையும் சுண்டினார். அப்புறம் அவராகவே கயிற்றைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி ஏறி வந்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம். இடது காது அன்றோடு போனது. மாமாவிடம் பேச வேண்டுமானால் வலப்பக்கமாகப் போய் உட்கார வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் பழக்கம். அந்த ஆளைப் பற்றி மாமா திட்டி நான் கேட்டதில்லை. "அவனுக்கு நான் யாரு?" என்பார், அவ்வளவுதான்.

பிற்பாடு வேலைக்குச் சேர்ந்து புத்தகம் படிக்கும் பைத்தியம் பிடித்தபோது, டென்சிங் நார்கேயின் சுயசரிதை கிடைத்தது. 1955இல் வந்தது. டென்சிங்குக்குப் பல மொழிகள் பேச வரும், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ஜேம்ஸ் ராம்சே உல்மன் என்ற அமெரிக்கர் எழுதினார். 1953இல் உச்சியில் முதலில் கால் வைத்தது யார் என்று உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயத்துக்கு அந்தப் புத்தகத்தில்தான் அவர் பதில் சொன்னார்: ஹிலாரிதான் முதலில், சில அடி பின்னால் நான், இருவரும் ஒரே கயிற்றில். ஆனால் அந்தக் கேள்வியே அர்த்தமில்லாதது என்பதுதான் அவர் எண்ணம். ஒரு கயிற்றில் கட்டிக்கொண்ட இருவரில் முந்தியவன் யார், பிந்தியவன் யார்?

அதே 1953 பயணத்தில், உச்சிக்கு ஏறுவதற்குச் சில வாரம் முன்பு ஒரு சம்பவம். பனி வெடிப்பு ஒன்றை ஹிலாரி தாண்டிக் குதிக்கிறார். மறுபக்கத்துப் பனி உடைந்து அவரோடு உள்ளே சரிகிறது. டென்சிங் தன் பனிக்கோடரியைக் குத்தி, கயிற்றை அதில் சுற்றி நிறுத்திவிட்டார். ஹிலாரி பிழைத்தார். உச்சிக்குக் கூட்டாளியாக டென்சிங்கை ஹிலாரி மனதில் குறித்துக்கொண்டது அதன் பிறகுதான்.

இந்தக் கதையை மாமாவிடம், வலப்பக்கம் உட்கார்ந்து, சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் மச்சினன் முறையா?" என்றார்.

"இல்ல மாமா. ஒருத்தர் வெள்ளைக்காரர், நியூசிலாந்து. இவர் ஷெர்பா."

"அப்பம் கூலிக்குப் பிடிச்சிருக்காம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கூலிக்குப் பிடிச்சவன் விட்டிருந்தா யாரு கேக்கப் போறா? அவன் விடலை பாத்தியா."

1965இல் ரேடியோ சொன்ன நவாங் கொம்பு அந்த டென்சிங்கின் உடன்பிறந்தாள் மகன். 1963இல் அமெரிக்கர்களோடு ஒருமுறை, 1965இல் நம்மவர்களோடு மறுமுறை. எவரெஸ்டில் இரண்டு தடவை ஏறிய முதல் மனிதர். சாமான் சுமந்த பரம்பரையில் வந்தவர்கள் தங்கள் பெயரை உலகம் உச்சரிக்கும்படி செய்துவிட்டார்கள். நம் கடற்கரைக்கு அது வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இத்தனைக்கும் நம் முத்துக்கு எழுத்து ஆதாரம் இரண்டாயிரம் வருடம் போகிறது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக் குளிக்கிறார்கள், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு குளிக்கிறார்கள் என்கிறது. பாருங்கள், நம் ஆட்களைப் பற்றிய இவ்வளவு பழைய குறிப்பிலேயே அவர்கள் கைதிகள்! மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்கிறார். கடல்கட்டி என்று நாம் சொல்லும் அந்த மந்திரக்காரருக்குப் பிற்காலத்தில் ஆங்கில அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. போர்த்துக்கீசியர் வந்ததும், 1542இல் சவேரியார் வந்ததும், 1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்ததும் எல்லாம் இந்த முத்தைச் சுற்றித்தான். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு; கயிறு பிடித்தவரும் அந்த ஒன்றிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை சிப்பி, எத்தனை ரூபாய் என்று பதிவேடுகள் இருக்கின்றன. அதிகாரிகள் எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் புத்தகமே எழுதினார்கள். கரையில் நின்று மந்திரம் சொன்னவருக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. தோணியில் நின்று கயிறு பிடித்தவரின் பெயரை எழுதிவைக்க ஓர் உல்மன் வரவில்லை.

சலாபம் ஏன் நின்றது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பார்களில் சிப்பி தங்கவில்லை, அவ்வளவுதான் நிச்சயம். 1967இல் 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் தூத்துக்குடித் தமிழில் முத்துக்குளிக்கக் கூப்பிட்டு ஊரையே ஆட வைத்தபோது, நிஜ முத்துக்குளி நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. மாமா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார்.

சங்குக்குக் கல் வேண்டாம், கயிறும் இல்லாமல் நீந்தியே இறங்கலாம் என்று இளவட்டங்கள் போவார்கள். எடுத்த சங்கு அரசுக்கு. அங்கிருந்து வங்காளத்துக்கு, கல்யாணப் பெண்களின் வளையலாக. அப்புறம்தான் கம்ப்ரசர் வந்தது. டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு எந்திரம், அதிலிருந்து நீளமான டியூப்பு, வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்காகக் கீழே கிடக்கலாம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. கடலில் இருபது மீட்டர் ஆழத்தில் அது மூன்று மடங்கு. மலை காற்றைப் பறிக்கிறது, கடல் காற்றை உடம்புக்குள் திணிக்கிறது. மூச்சடக்கி ஒரு நிமிடம் போய் வருகிறவனுக்குத் திணிக்க நேரம் இல்லை. டியூப்பில் மூச்சு விட்டுக்கொண்டே கிடந்தவன் ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழியாகக் கிளம்பும். மூட்டில் வலி, சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விடும். மலையேறுகிறவன் உடம்பைப் பழக்கி நாள்கணக்கில் மெல்ல ஏறுகிறான். இருபது மீட்டரை ஏற இவனுக்குப் பொறுமை சொல்லித்தர ஆள் இல்லை. கட்டிலோடு கிடந்த இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கு முப்பது வயதுகூட இல்லை.

மாமா கம்ப்ரசர் தொடவே இல்லை. "கடல் அடியில அவ்வளவு நேரம் இருந்தா நிறைய அள்ளலாமே மாமா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மிஷினுக்கு அக்கா தங்கச்சி உண்டாலே?" என்றார்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எண்பதுகளில் நடந்த அடக்கத்துக்கு நான் வேலை காரணமாக வெளியூரில் இருந்ததால் வர முடியவில்லை. ஓர் நோட்டு எடுத்து அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கலாம். அடுத்த தெருவில்தான் இருந்தேன், எனக்கு எழுதவும் தெரியும். நேரம் இருந்தது. இப்போது ஞாபகத்தில் இருப்பதெல்லாம் மேலே எழுதிய இவ்வளவுதான்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ஏழு சலாபமும் கயிறு பிடித்த அந்த மச்சானின் பெயர் எனக்குத் தெரியாது. மாமா ஒருநாளும் பெயர் சொன்னதில்லை, மச்சான் என்றுதான் சொல்வார். நானும் கேட்கவில்லை. பேரன் ஒருவன் துறைமுகத்தில் வேலையாக இருக்கிறான். போன வாரம் பார்த்துக் கேட்டேன். "சின்னத் தாத்தான்னுதான் சார் கூப்பிடுவோம். பேரு அம்மாவுக்குத் தெரியும், கேட்டுச் சொல்லுதேன்" என்றான். போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.