மிரர் களஞ்சியம்: ஏரவாடா வரை வந்த வழி

லினக்ஸ் கணினிகள் நூற்றுக்கணக்கில் ஓடும் அலுவலகத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போய் மென்பொருளை இறக்குவதில்லை. ஒரே ஒரு கணினிக்கு மட்டும் வெளித்தொடர்பு இருக்கும். மூலக் களஞ்சியத்தின் நகல், அதாவது மிரர், அதில் இருக்கும். மற்றவை மென்பொருள் பொதிகளை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். புணேயில் முலா-முட்டா ஆற்றின் வடகரையில் இருக்கும் ஏரவாடாவின் காமர்ஸோன் போன்ற தொழில்நுட்ப வளாகங்களில் இன்று இது யாரும் தனியாகக் கவனிக்காத அன்றாட ஏற்பாடு. மூலத்தோடு இந்த நகலை ஒத்துப்போக வைக்கும் வேலைக்கு முப்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

முதலில் வந்தவை பொது மிரர்கள். டெக் அச்சுக்கோப்பு நிரலின் கோப்புகளைத் திரட்டிய சிடேன் 1990களின் தொடக்கத்தில் உருவானது. பெர்ல் மொழிக்கான சீபேன் 1995இல் வந்தது. ஒரே சரக்கைப் பல நாடுகளில் வைத்தால் கடலடிக் கம்பிகளில் நெரிசல் குறையும் என்பது இவற்றின் கணக்கு. ஒத்திசைக்கும் முறை எளிமையானது. இரவில் ஒரு நிரல் எஃப்டிபி வழியாக மூலச் சேவையகத்துக்குள் நுழைந்து, கோப்புகளின் தேதியையும் அளவையும் தன் பட்டியலோடு ஒப்பிடும். மாறியிருந்தால் கோப்பை முழுதாக இறக்கும். நடுவில் தொடர்பு அறுந்தால் மறுநாள் இரவு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் அந்த 'மறுநாள் இரவு' நீண்டுகொண்டே போகக்கூடியது. கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான எர்நெட் 1986இல் தொடங்கியது. 1989இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு அதற்குக் கிடைத்த இணைப்பின் வேகம் நொடிக்கு 9,600 பிட். பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். 28.8 கிலோபிட் மோடம் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் முழு வேகத்தில் ஓடினாலும், 650 மெகாபைட் குறுந்தகடு ஒன்றை இறக்க ஐம்பது மணி நேரம் ஆகும். தொலைபேசிக் கட்டணம் தனி. ஆகவே இங்கே லினக்ஸ் பரவியது கம்பி வழியாக அல்ல, தபால் வழியாகத்தான். பிசி குவெஸ்ட் இதழ் 1996இல் ஸ்லாக்வேர் தொகுப்பைக் குறுந்தகட்டில் வைத்து வாசகர்களுக்குக் கொடுத்தது. 2005 முதல் 2011 வரை உபுண்டுவும் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசத் தகடு அனுப்பியது. இந்தத் தகடுகளை அக்காலத்து உள்ளூர் மிரர் என்றே சொல்லலாம். கைக்கு வந்த நாளிலேயே பழசாகிவிட்ட மிரர் என்பதுதான் குறை.

குறைந்த வேகத்துக்கு ஏற்ற கருவி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் ஆர்சிங்க் நிரலை வெளியிட்டார்கள். நகலை வைத்திருப்பவர் தன் பழைய கோப்பைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்புவார்: ஒன்று எளிதில் கணக்கிடக்கூடியது, மற்றது உறுதியானது. மூலத்தை வைத்திருப்பவர் புதிய கோப்பில் அதே துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடி, இல்லாத பகுதியை மட்டும் அனுப்புவார். கோப்பின் நடுவில் நாலு வரி சேர்ந்திருந்தால் ஏறக்குறைய நாலு வரிதான் கம்பியில் போகும்.

மென்பொருள் களஞ்சியங்களைப் பொறுத்தவரை இந்தப் புகழ்பெற்ற உத்திக்கு வேலை குறைவு. பொதிகள் இறுக்கிச் சுருக்கப்பட்டவை. உள்ளே சிறிது மாறினாலும் வெளியே பெரும்பகுதி மாறிவிடும். புதிய பதிப்பு புதிய பெயரோடு வருவதால் ஒப்பிடப் பழைய கோப்பும் இருக்காது. மிரர் நடத்துவோருக்கு ஆர்சிங்க் கொடுத்த பெரிய உதவி வேறு: லட்சக்கணக்கான கோப்புகளில் மாறாதவற்றைத் தொடாமல் தாண்டிப்போவதும், மூலத்தில் நீக்கப்பட்டவற்றை இங்கேயும் நீக்குவதும்.

இந்தியாவுக்குள்ளும் மிரர்கள் வந்தன: சென்னை, கான்பூர் ஐஐடிகளின் சேவையகங்கள் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் நகல்களை வைத்து நாடு முழுவதற்கும் வழங்கின. ஆனால் நாட்டுக்குள் மிரர் இருப்பதாலேயே அது பக்கத்தில் இருப்பதாகிவிடாது. இந்திய இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை மாற்றிக்கொள்ள 2003இல்தான் நிக்ஸி என்ற பொது இணைப்பு மையம் அமைந்தது. அதற்கு முன், இரண்டு இந்திய நகரங்களுக்கு இடையேயான தரவு வெளிநாட்டைச் சுற்றி வருவது சாதாரணம். 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு கல்வி நிறுவனங்களுக்கு ஜிகாபிட் வேகத்தைத் தந்த பிறகு, வேகம் பற்றிய புலம்பல் பெரும்பாலும் ஓய்ந்தது.

புணே இந்த ஓட்டத்தில் மென்பொருளை வாங்கும் ஊராக மட்டும் இருக்கவில்லை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் பொறியியல் அலுவலகம் இங்கே அமைந்தது. சில காலம் ஏரவாடாவை ஒட்டிய கல்யாணி நகரில் இயங்கியது. லோஹித் எழுத்துருக்களை உருவாக்கியது புணேயின் மாடுலர் இன்ஃபோடெக். அவற்றை 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது ரெட் ஹாட். அவற்றில் லோஹித் தமிழும் ஒன்று. பல ஆண்டுகள் அவற்றைப் பராமரித்ததும் புணேக் குழுதான். அக்குழு செய்த திருத்தம் அமெரிக்கச் சேவையகங்களில் பொதியாகி, ஃபெடோரா லினக்ஸ் தொகுப்பின் மூலக் களஞ்சியத்தில் சேர்ந்து, மிரர்களின் வழியே புணேக்குத் திரும்பி வரும். பக்கத்து மேசைக்காரர் செய்த திருத்தம்கூட உலகைச் சுற்றித்தான் வந்தது.

வேகப் பிரச்சினை தீர்ந்தபின் வெளிப்பட்டது வரிசைப் பிரச்சினை. களஞ்சியத்தில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு: பொதிகள், அந்தப் பொதிகளின் பெயரையும் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லும் பட்டியல்கள். டெபியனின் மூலக் களஞ்சியம் நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. மிரர் முதலில் பட்டியலை இறக்கிவிட்டுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கேட்டால், விலைப்பலகையில் பெயர் இருந்தும் அலமாரியில் சரக்கு இல்லாத கடையின் கதைதான். பட்டியல்களுக்குள்ளேயே ஒன்று புதிதாகவும் மற்றது பழசாகவும் இருந்தால் பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரல் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று நின்றுவிடும்; இந்தச் செய்தியைப் பார்க்காத நிர்வாகி அரிது. முழுக்கப் பழைய நகலால் உடனடித் தொல்லை இல்லை. பாதி புதிதான நகல்தான் வேலையை நிறுத்தும்.

டெபியன் கண்ட தீர்வு இரண்டு கட்ட ஒத்திசைவு. முதல் கட்டத்தில் புதிய பொதிகள் மட்டும் வரும், எதுவும் நீக்கப்படாது. அது முடிந்தபின் பட்டியல்கள் மாறும். பழைய பொதிகள் கடைசியில்தான் நீங்கும். மிரரில் உள்ள தடக் கோப்பு, கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று சொல்லும். எஞ்சியிருந்த சிறு இடைவெளியை 2016இல் ஆப்ட் அடைத்தது: பட்டியல்கள் தத்தம் சரிபார்ப்பு எண்ணையே பெயராகக் கொண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், புதியது வந்தாலும் பழையது சிறிது காலம் கிடைக்கும். ஃபெடோரா வேறு வழியில் போனது. 2007இல் வந்த மிரர்மேனேஜர், பின்தங்கிய மிரர்களைக் கண்டுபிடித்து, சீராகும்வரை யாரையும் அங்கே அனுப்பாது.

பொதிகளில் கையொப்பம் இருந்தால் மிரரை நம்ப வேண்டியதில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இல்லாத நிறுவனத்தின் பெயரில் மிரர்களை அமைத்து, பெரிய லினக்ஸ் தொகுப்புகளின் அதிகாரபூர்வப் பட்டியலில் அவற்றைச் சேர்த்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட மிரர் பொதியைத் திருத்தத் தேவையில்லை. முறையான கையொப்பமுள்ள பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும், பாதுகாப்பு ஓட்டை அடைபடாமலே இருக்கும். டெபியனின் தலைப்பட்டியலான ரிலீஸ் கோப்பில் காலாவதித் தேதி சேர்ந்தது இந்தக் குறையை அடைக்கத்தான். மிரர் பின்தங்குவது வெறும் சோம்பல் அல்ல என்பதை 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது நிர்வாகிகள் நன்றாக உணர்ந்திருப்பார்கள். பாதுகாப்புப் பொதிகளைப் பொது மிரரில் தேடாமல் தன் சேவையகத்திலிருந்தே எடுக்கச் சொல்வது டெபியனின் வழக்கம்.

மூலம் செய்வதையெல்லாம் அப்படியே செய்யும் நகலுக்கும் ஆபத்து உண்டு. சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் தொகுப்பின் 8ஆம் பதிப்பின் ஆயுள் 2021 டிசம்பர் 31இல் முடிந்தது. ஒரு மாதத்தில் அதன் கோப்புகள் மிரர்களிலிருந்து நீக்கப்பட்டு ஆவணக் கிடங்குக்குப் போயின. 2024 ஜூன் 30க்குப் பிறகு சென்ட்ஓஎஸ் 7க்கும் இதே கதி. நீக்கக் கட்டளையோடு ஒத்திசைத்து வந்த உள்ளூர் நகல்கள் அன்றிரவே காலியாகின. வேலை முடிந்தது என்று பதிவேடு மட்டும் நல்லபடியாகச் சொல்லியது. இதனால் நிறுவனங்கள் இப்போது மூலத்தோடு ஓடும் நகல் ஒன்றையும், தேதியிட்டு உறையவைத்த நகல்களையும் தனித்தனியே வைத்திருக்கின்றன. டெபியன் உலகில் ஆப்ட்லி, ரெட் ஹாட் உலகில் 2014இல் வந்த சாட்டிலைட் 6 ஆகியவை இப்படி உறையவைக்க உதவுகின்றன. சோதனைக் கணினிகள் முதலில் புதிய நகலுக்கு மாறும். பழுதில்லை என்று தெரிந்தபின்னரே அன்றாடப் பணியில் உள்ள கணினிகளும் அதே நகலுக்கு நகரும்.