துணைப்பாடமாக அமைதி

எங்கள் கல்லூரியில் ‘அமைதியும் நீதியும்’ ஒரு துணைப்பாடம். தமிழ், வணிகவியல், வேதியியல் மாணவிகள் கலந்து உட்காரும் வகுப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சுலபமாக மதிப்பெண் வாங்கலாம் என்று பெயர் பெற்ற தாள். முதல் வகுப்பில், அமைதி என்றால் என்ன என்று எழுதச் சொன்னேன். வெள்ளைப் புறா, தியானம், காந்தி என்று வந்த தாள்களுக்கு நடுவே, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘எங்க வீட்டில் அமைதி இருக்கிறது. அம்மா பட்டாசு விபத்தில் இறந்த பிறகு யாரும் யாரோடும் பேசுவதில்லை.’

தமிழாசிரியையின் பழக்கம், ‘எங்க’ என்பதை ‘எங்கள்’ என்று சிவப்பு மையால் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் வாக்கியத்தைப் படித்தேன். இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று தேட வைத்தது அந்தத் தாள்தான்.

இளங்கலைப் படிப்பில் அமைதிக் கல்வியைத் தொடங்கிய முன்னோடி ஒரு பெண். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் மான்செஸ்டர் கல்லூரியில், ஹிரோஷிமாவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல் கிளாடிஸ் மியூர் அதை உருவாக்கினார். அதற்கு ஓராண்டு முன்பே நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் அருகே, காந்திகிராமம் பிறந்துவிட்டது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து தொடங்கியது. சௌந்தரம் இளவயதில் கணவரை இழந்து, மருத்துவம் படித்து, சாதி கடந்து மறுமணம் செய்துகொண்டவர். காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்களுக்குச் சாந்தி சேனைப் பயிற்சி தந்தது. அமைதி அறிவியலைப் பாடமாக்கியது. எங்கள் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு பெண்களின் பெயரும் இல்லை.

இருக்கும் பெயர் நார்வே அறிஞர் யோஹான் கால்டுங். அடியும் குண்டும் மட்டுமே வன்முறை அல்ல என்று 1969இல் எழுதியவர். தடுத்திருக்கக்கூடிய சாவு தடுக்கப்படாமல் நிகழ்ந்தால், அடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாவிட்டாலும் அது வன்முறைதான் என்றார். அதற்குக் கட்டமைப்பு வன்முறை என்று பெயர். காசநோயை அவர் உதாரணம் காட்டினார்: மருந்தே இல்லாத காலத்தில் ஒருவர் அதில் இறந்தால் வன்முறை என்று சொல்ல முடியாது, மருந்து இருந்தும் இறந்தால் அது வன்முறை.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மழை குறைந்த மண் பட்டாசுக்குத் தோதாக அமைந்தது. விவசாயம் கைவிட்டவர்களை ஆலைக்கு அனுப்பியதும் அதே மண்தான். பெட்டி ஒட்டிய, திரி சொருகிய, சரம் பின்னிய பெண்களின் பெயர்கள் அந்தக் கதையில் வருவதில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த குழந்தைகள் வழக்கு மூலமாகத்தான் வரலாற்றுக்குள் வந்தார்கள். எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவும் வழி காணச் சொன்னது. குழந்தைகளில் பலர் பள்ளிக்கு வந்தார்கள். அம்மாக்கள் இன்றும் விடியற்காலையில் ஆலை வேனில் ஏறுகிறார்கள்.

1991இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டி. 2021இல் அச்சங்குளம். ஒவ்வொரு முறையும் ‘உராய்வு ஏற்பட்டு வெடித்தது’ என்று செய்தி வரும். உராய்ந்தது மருந்து என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் யார்? இந்தக் கேள்விகளைத் தள்ளிவைக்க ‘விபத்து’ என்ற ஒரு சொல் போதும்.

நீதியைக் கழித்துவிட்டால் அமைதியில் மிஞ்சுவது அந்த மாணவியின் வீட்டு மௌனம்தான். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதை உணர்ந்திருந்தார். நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த காந்தியவாதி அவர். 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த வட்டாரத்துக்குப் போன அவர் பிரார்த்தனைக் கூட்டத்தோடு நிற்கவில்லை. கூலிக் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டார். கணவரோடு சேர்ந்து 1981இல் அவர் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தது. அமைதிப் பாடத்துக்கு இதைவிட நல்ல அலகு எனக்குத் தெரியவில்லை.

பருவத்தின் கடைசியில் களஆய்வுக் கட்டுரை. அந்த மாணவி வந்து கேட்டாள்: “மேடம், விபத்துன்னே எழுதவா?”

“நீயே முடிவு பண்ணும்மா.”

ஆறு பக்கம் எழுதிவந்தாள். அம்மாவின் ஒரு நாள் கூலி, அன்று அந்த அறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை, உரிமம் யார் பெயரில், நடத்தியது யார், இழப்பீடு எத்தனை தவணையில் வந்தது என்று வரிசையாக இருந்தது. ‘விபத்து’ என்ற சொல் எங்கும் இல்லை. இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

“அப்பாகிட்டதான் மேடம் கேட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம்.”