அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ்: வதைமுகாம் இசைக்குழுவும் ஒரு செல்லோக் கலைஞரின் பணிவாழ்வும்

முன்னுரை

மேற்கத்திய இசைக்குழுக்களின் வரலாறு பெரும்பாலும் இசையமைப்பாளர்களையும் நடத்துநர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. குழுவினுள் அமர்ந்து வாசிப்பவரின் உழைப்பு அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவ்வுழைப்பின் பொருள் அது நிகழும் நிறுவனத்துக்கேற்ப மாறுவதை, செல்லோக் கலைஞர் அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷின் வாழ்வு காட்டுகிறது.

இளமையும் கைதும்

அனிதா 1925இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோட்ஸ்வாஃப்) யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் வயலின் கலைஞர். 1938இல் பெர்லினில் லியோ ரோஸ்டாலிடம் செல்லோ பயின்றார். அவ்வாண்டு நவம்பரில் யூதர்மீது நிகழ்ந்த வன்முறையால் அக்கல்வி தடைபட்டது. 1942இல் பெற்றோர் நாடுகடத்தப்பட்டனர், மீளவில்லை. பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்குப் போலி ஆவணங்கள் தயாரிக்க உதவிய அனிதாவும் சகோதரி ரெனாட்டேயும் தப்பிச்செல்ல முயன்றபோது பிடிபட்டுச் சிறைப்பட்டனர்.

முகாமில் இசை

1943 டிசம்பரில் அனிதா ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த மகளிர் இசைக்குழுவை, குஸ்தாவ் மாலரின் சகோதரி மகளான அல்மா ரோஸே நடத்திவந்தார். வயலின், மாண்டலின், கிதார், அக்கார்டியன் முதலியன இருந்த அக்குழுவில் மந்தர ஸ்தாயிக் கருவி இல்லை. செல்லோ அக்குறையை நிறைவுசெய்தது. அத்தேவையே அவர் உயிர் பிழைக்க வழியாயிற்று. கைதிகள் காலையில் வேலைக்குச் செல்லும்போதும் மாலையில் திரும்பும்போதும் முகாம் வாயிலில் அணிவகுப்பு இசை வாசிப்பது குழுவின் முதன்மைப் பணி. முகாம் மருத்துவர் மெங்கலே விரும்பிக் கேட்டபோது அவர் சூமனின் இசையையும் வாசிக்க நேர்ந்தது. அவ்விசை கைதிகள் சிலருக்கு ஆறுதலாகவும் வேறு சிலருக்கு அவமதிப்பாகவும் தோன்றியது.

1944 ஏப்ரலில் அல்மா ரோஸே இறந்தார். நவம்பரில் பெர்கன்-பெல்சனுக்கு மாற்றப்பட்ட அனிதா, 1945 ஏப்ரல் 15 அன்று பிரித்தானியப் படையால் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு லூனபர்க் விசாரணையில் சாட்சியமளித்தார்.

இலண்டன் பணிவாழ்வு

1946இல் பிரித்தானியாவில் குடியேறிய அவர், இங்கிலிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராகிப் பல்லாண்டுகள் அதில் வாசித்தார். ஜெர்மானிய மண்ணில் கால்வைக்க நெடுங்காலம் மறுத்த அவர், 1994இல் அக்குழுவுடனேயே அங்குச் சென்றார். 2018இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார்.

முடிவுரை

சுரக்குறிப்பை நோக்கி, நடத்துநரின் கையசைவுக்கு இசைந்து வாசிப்பது இரு குழுக்களிலும் பொதுவான செயலே. முகாமில் வாசிக்க மறுப்பது உயிரிழப்புக்கு இட்டுச்செல்லக்கூடியது. இலண்டனில் அம்மறுப்பு கலைஞரின் உரிமை. எனவே, இசைக்குழு வரலாறு வாசிக்கப்பட்ட இசையோடு வாசித்தவரின் விருப்புரிமையையும் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது பெறப்படுகிறது.