கற்கருவிகளின் எண்ணிக்கையும் மனிதக் குழுக்களும்

பழைய கற்கால மனிதன் நமக்கு ஏடெதனையும் எழுதிவைக்கவில்லை. அவனது உழைப்பிற் பிறந்த கருவிகளே அவனது வரலாறு. அவ்வரலாற்றை வாசிக்கும் வழி யாது?

முன்னாளிற் சேகரிப்பாளர் பலர் அழகிய கைக்கோடரிகளையும் கூர்முனைகளையும் பொறுக்கியெடுத்து, எஞ்சியவற்றை வீசியெறிந்தனர். அரும்பொருட்சாலைகள் நிரம்பின, சான்றுகள் சிதைந்தன. பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா போர்ட் (1919–1981), 1950 ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கத்துக்கு மாறானதொரு முறையை வகுத்தார். ஒரு மண்படையிற் கிடைக்கும் கருவிகளை, அழகியன அழகற்றன என்று பாராது, அனைத்தையும் எண்ணவேண்டும் என்றார். அவற்றை 63 வகைகளாகப் பிரித்து, வகைதோறும் நூற்றுவீதங் கண்டு, அவ்வீதங்களைப் படிப்படியாகக் கூட்டி வளைகோடாக வரைந்தார். இரு தொகுதிகளின் கோடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்தால் ஒற்றுமையும் வேற்றுமையும் உடனே புலனாகும்.

நியாண்டர்தால் மனிதர் ஐரோப்பாவில் விட்டுச்சென்ற மூஸ்தீரியக் கருவிகளை இவ்வாறு ஒப்பிட்டபோது சில தனித்தனிக் கூட்டங்கள் தோன்றின. ஒன்றிற் சுரண்டிகள் மிகுதி, மற்றொன்றிற் பல்விளிம்புக் கருவிகள், வேறொன்றிற் கைக்கோடரிகள். பிரான்சின் கொம் கிரெனால் குகையிலுள்ள 55 மூஸ்தீரியப் படைகளில் இவை மாறிமாறி வந்தன. தத்தம் மரபைக் காத்த வெவ்வேறு குழுக்களின் அடையாளங்களே இவை என்பது போர்ட்டின் முடிபு.

1966 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான லூயிஸ் பின்போர்டும் சாலி பின்போர்டும், எவ்வகைகள் சேர்ந்தே பெருகிச் சேர்ந்தே குறைகின்றன என்பதைக் காரணிப் பகுப்பினால் ஆராய்ந்தனர். வேட்டைப் பிராணியை அறுத்தல், கருவி செய்தல் முதலான வெவ்வேறு வேலைகளே தொகுதிகளை வேறுபடுத்தின என அவர்கள் கருதினர். பால் மெலார்ஸ் காலவரிசையைக் காரணமாகக் காட்டினார். 1980 களில் ஹரோல்ட் டிபிள், தீட்டத் தீட்டச் சுரண்டியின் வடிவமே மாறும் என்றார். அவ்வாறாயின் இருவகை எனக் கருதப்பட்டவை ஒரே கருவியின் இளமையும் முதுமையுமாகலாம்.

இது கற்களைப் பற்றிய வாதம் மட்டுமோ? பொருள்களின் பரப்பைக் கொண்டு இனங்களின் எல்லையை வரைந்த ஜெர்மானியர் குஸ்தாவ் கொசினாவின் (1858–1931) கொள்கையை நாஸிகள் தம் ஆக்கிரமிப்புக்குத் துணைகொண்டனர். போர்ட்டின் நேர்மையான ஆய்வு அத்தகையதன்று. எனினும், கருவியின் வேற்றுமையிலிருந்து மக்களின் வேற்றுமைக்குத் தாவுவது எத்துணை எளிது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

எண்ணிக்கை வேற்றுமை உண்டென்று கூறும். ஏன் உண்டென்று கூறாது. அதற்கு விடைகாண, கருவியைப் பிடித்த கையையும் அக்கை செய்த வேலையையும் நாம் முதலில் நோக்கவேண்டும். அதன் பின்னரே இனத்தைப் பற்றிப் பேசலாம்.